கூப்பன் பழகும் பிள்ளைகளுக்கு

அமெரிக்காவில் புதிதாகக் குடித்தனம் வைத்திருக்கும் பிள்ளைகளே, நியூ ஜெர்சியில் பல வருஷம் குடும்பம் நடத்தியவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். கவுண்டரில் கூப்பனை நீட்டக் கூச்சப்படாதீர்கள். 1880-களிலேயே கோகோ கோலாவை ஒரு கோப்பை இலவசமாகக் குடிக்கச் சீட்டு கொடுத்த நாடு இது. தயாரிப்பாளர் தரும் கூப்பனில் கழிகிற பணத்தை அவரே கடைக்குத் திருப்பித் தந்துவிடுகிறார், கூடவே சில சென்ட் கூலியும் சேர்த்து. கடைக்காரருக்கு நட்டமில்லை.

1. வீட்டில் என்ன தீர்ந்திருக்கிறது என்று பார்த்து முதலில் பட்டியல் எழுதுங்கள். அப்புறம்தான் கூப்பன் தேட வேண்டும். கூப்பன் இருக்கிறதே என்று வாங்கிய சீரியல் டப்பா, பிள்ளைகள் தொடாமல் நமத்துப் போனால் கொடுத்த காசு அத்தனையும் வீண்.

2. பொருளைத் தயாரிக்கும் கம்பெனி தரும் தயாரிப்பாளர் கூப்பன் வேறு, கடையே தரும் கடைக் கூப்பன் வேறு. ஒரே பொருளுக்கு இரண்டு தயாரிப்பாளர் கூப்பன் செல்லாது. ஆனால் ஒரு தயாரிப்பாளர் கூப்பனோடு ஒரு கடைக் கூப்பனைச் சேர்த்துக் கொடுக்கப் பல கடைகளில் விடுவார்கள். கடைக்குக் கடை விதி மாறும். காஸ்ட்கோவில் தயாரிப்பாளர் கூப்பனை எடுக்கவே மாட்டார்கள்.

3. கூப்பன் கைக்கு வந்த அன்றே கடைக்கு ஓடாதீர்கள். புதியவர்கள் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான். ஒரு பற்பசை 3 டாலர் 49 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 டாலர் கூப்பனை இன்றே கொடுத்தால் 2 டாலர் 49 சென்ட் ஆகும். அதே பற்பசை தள்ளுபடியில் 1 டாலர் 99 சென்ட்டுக்கு வரும்வரை பொறுத்தால் வெறும் 99 சென்ட். பற்பசை, ஷாம்பு, சலவை சோப்பு எல்லாம் சில வாரங்களுக்கு ஒருமுறை விலை இறங்குகிறவைதான். வீட்டில் ஒன்று கூடுதலாக இருந்தால்தான் இப்படிக் காத்திருக்க முடியும். ஒன்றிரண்டு போதும், அலமாரி நிறைய அடுக்க வேண்டாம். கூப்பன் காலாவதியாகும் தேதியை மட்டும் மறக்காதீர்கள்.

4. பொடி எழுத்தைப் படியுங்கள். எத்தனை அவுன்ஸ், எந்த வகை, எத்தனை வாங்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பயண அளவு பாட்டிலுக்குப் பெரும்பாலும் செல்லாது. கடை ஆப்பில் உள்ள கூப்பனை முன்கூட்டியே ‘கிளிப்’ பொத்தானை அழுத்திச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் பில்லில் ஒரு சென்ட்கூடக் கழியாது.

5. துவரம்பருப்பு, பொன்னி அரிசி, புளி, வெண்டைக்காய்க்குக் கூப்பன் வருவது அபூர்வம். பெரிய கம்பெனிகள் தங்கள் பெயர் போட்டு விற்கும் சரக்குக்குத்தான் கூப்பன் அடிக்கின்றன. நம் சமையல் செலவு குறைவது இந்தியக் கடையின் வாரத் தள்ளுபடியைப் பார்த்து வாங்குவதில். நம்மவர் வீட்டில் கூப்பன் கைகொடுப்பது குளியலறைக்கும் சலவைக்கும் குழந்தையின் டயப்பருக்கும். கூப்பனாலேயே மளிகைச் செலவு பாதியாகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

6. அலமாரி விலைச்சீட்டின் ஓரத்தில் ஒரு அவுன்ஸுக்கு அல்லது ஒரு பவுண்டுக்கு என்ன விலை என்று சிறிதாகப் போட்டிருக்கும். நியூ ஜெர்சியின் பெரிய கடைகள் அதைப் போட்டாக வேண்டும் என்பது சட்டம். கூப்பன் கழித்த பிறகு ஒரு அவுன்ஸுக்கு என்ன ஆகிறது என்று கணக்கிட்டு, மற்ற சரக்குகளின் அந்த விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரம் கூப்பனே இல்லாத, கடையின் சொந்தப் பெயரில் வரும் சரக்குதான் மலிவாக இருக்கும்.

7. கூப்பனை ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். அது மோசடி, வழக்கு வரும்.

8. பற்பசையும் சோப்பும் மிஞ்சினால் ஊரில் உள்ள இலவச உணவு வங்கியில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தரும் ஸ்நாப் உதவியில் சாப்பாட்டுச் சாமான் வாங்கலாமே தவிர, சோப்பு, பற்பசை, டயப்பர் எதுவும் வாங்க முடியாது. பொருளின் தேதி முடியும் முன்பே கொடுத்துவிடுங்கள்.