பவர் பட்டனை அமுக்கினா என்ன ஆகணும்?

போன செமஸ்டர்ல ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக லேபில் இருக்கும் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாடல் ட்ரெயினிங்கை ஓட விட்டுட்டு, சாரிடம் அனுமதி வாங்கி அப்படியே விட்டுட்டு வந்தோம். காலையில் ரிசல்ட் தயாரா இருக்கணும். ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தா, லாகின் திரை நிக்குது. பக்கத்தில் ஒரு செகண்ட் இயர் தம்பி.

"அண்ணா, சிஸ்டம் ஆஃப்ல இருந்துச்சு. பவர் பட்டனை அமுக்கினேன், வரல. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி அமுக்கினேன், வந்துருச்சு."

அந்த "வரல"வில்தான் எங்க பதினொரு மணி நேரம் போச்சு. சிஸ்டம் ஆஃப் ஆகவே இல்லை, மானிட்டர் மட்டும்தான் அணைஞ்சிருந்தது. அவன் முதல் தடவை அமுக்கினதும் லினக்ஸ் ஒழுங்கா ஷட்டவுன் ஆச்சு. ரெண்டாவது தடவை பூட் ஆச்சு. (செக்பாயின்ட் வைக்கலையான்னு கேக்காதீங்க. கைடும் முதல்ல அதைத்தான் கேட்டார்.)

இதில் தம்பி மேல தப்பு சொல்ல முடியல. கம்ப்யூட்டரும் அதுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே நடந்திருக்கு. ப்ராசஸ்களை நிறுத்தி, மெமரியில் இருந்ததை டிஸ்க்கில் எழுதி, ஃபைல் சிஸ்டத்தை அன்மவுன்ட் பண்ணி அணைஞ்சிருக்கு. ஒரு பைட் கூடக் கெடல. வேலைதான் போச்சு. அப்போ தப்பு எங்க இருக்கு? அதைத் தேடிப் போனதில் கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை.

ஸ்விட்ச் எப்போ பட்டன் ஆச்சு?

1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் வலது பக்கத்தில், பின்புறமா ஒரு பெரிய சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். நம்ம வீட்டு ஃபேன் ஸ்விட்ச் மாதிரிதான். போட்டா கரண்ட் வரும், அணைச்சா போகும். அதுக்கப்புறம் வந்த ஏடி வகை கேபினெட்களில் ஸ்விட்ச் முன்பக்கம் வந்தது, ஆனா அதுவும் மெயின்ஸ் கரண்டையே வெட்டும் ஸ்விட்ச்தான். கேபினெட்டுக்குள் 230 வோல்ட் ஒயர் முன்பக்கம் வரைக்கும் ஓடும். அந்தக் காலத்து மெஷினில் சாஃப்ட்வேரால் தன்னைத்தானே அணைச்சுக்க முடியாது. அதனாலதான் விண்டோஸ் 95 எல்லாத்தையும் மூடிட்டு, "இப்போ நீங்க அணைக்கலாம்"னு ஆரஞ்சு எழுத்தில் காட்டிட்டுக் காத்திருக்கும். விரல் வந்து ஸ்விட்சைத் தட்டினாத்தான் அணையும்.

1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் வடிவமைப்பைக் கொண்டுவந்ததும் இது தலைகீழா மாறிச்சு. இப்போ முன்பக்க பட்டனிலிருந்து மதர்போர்டுக்குப் போறது ரெண்டே ரெண்டு மெல்லிய ஒயர். பட்டன் அந்த ரெண்டு பின்னையும் ஒரு கணம் ஷார்ட் பண்ணுது, அவ்வளவுதான். பட்டன் உடைஞ்ச கம்ப்யூட்டரை சர்வீஸ் கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஆன் பண்றதைப் பார்த்திருப்பீங்க, அது இதேதான். பிளக் செருகியிருக்கிற வரைக்கும், ஸ்டேண்ட்பை என்கிற 5 வோல்ட் லைன் மதர்போர்டுக்கு எப்பவும் வந்துட்டே இருக்கும். அந்தக் கொஞ்சக் கரண்டில் முழிச்சிருக்கிற சிப்செட் பட்டனைக் கவனிக்கும். ஆன் பண்ண முடிவெடுத்தா, பச்சை ஒயர் வழியா எஸ்எம்பிஎஸ்-க்கு சிக்னல் கொடுக்கும். இசிஇ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: அது ஆக்டிவ் லோ, கிரவுண்டுக்கு இழுத்தாத்தான் ஆன். பட்டனில் வரும் பவுன்ஸையும் சிப்செட்டே வடிகட்டிடும்.

அதாவது அன்னைக்கே ஸ்விட்ச் செத்துப்போச்சு. மிச்சம் இருக்கிறது ஒரு காலிங் பெல். பெல் அடிச்சா உள்ளே இருக்கிறவங்க என்ன பண்ணணும்னு யாராவது விதி எழுதணும் இல்லையா?

பெல்லும் பூட்டும்

அந்த விதி 1996 டிசம்பரில் வந்த ஏசிபிஐ. இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா மூணு பேரும் சேர்ந்து எழுதினது. கம்ப்யூட்டர் ஓடிட்டிருக்கும்போது பட்டனை அமுக்கினா, சிப்செட் தானா எதையும் அணைக்காது. ஒரு ரெஜிஸ்டரில் "பவர் பட்டன் அமுக்கப்பட்டது" என்கிற பிட்டை 1 ஆக்கிட்டு, இன்டரப்ட் ஒண்ணை எழுப்பும். மீதியை ஆபரேட்டிங் சிஸ்டம் பார்த்துக்கணும். லினக்ஸில் கெர்னல் அதை ஒரு கீபோர்டு கீ அமுக்கின மாதிரியே மேலே அனுப்பும். சிஸ்டம்டி-லாகின்டி என்கிற சர்வீஸ் அதைக் கேட்டு, தன் கன்ஃபிக் ஃபைலில் இருக்கிறபடி செய்யும். ஷட்டவுன், சஸ்பென்ட், ஹைபர்னேட், லாக், எதுவும் செய்யாதே, இப்படி எதை வேணா எழுதலாம். நீங்க எதுவும் எழுதலைன்னா ஷட்டவுன். க்னோம், கேடிஇ மாதிரி பெரிய டெஸ்க்டாப்கள் இந்த வேலையைத் தாங்களே வாங்கிக்கும். எங்க லேபில் இருந்தது ஒரு சின்ன விண்டோ மேனேஜர், அது வாங்கிக்கல. ஆக, தம்பி விரலுக்கும் ஷட்டவுனுக்கும் நடுவில் கேள்வி கேக்க யாரும் இல்லை.

சிஸ்டம் ஹேங் ஆகி இன்டரப்டைக் கவனிக்க ஆளில்லைன்னா? அதுக்கும் ஏசிபிஐ வழி வெச்சிருக்கு. பட்டனை நாலு செகண்டுக்கு மேல விடாம அமுக்கினா, ஹார்ட்வேர் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேக்காம அணைச்சிடும். (சில லேப்டாப்பில் இன்னும் அதிக நேரம் பிடிக்கணும்.) என்னைக் கேட்டா மொத்த வடிவமைப்பிலும் அழகான இடம் இதுதான். தட்டினா வேண்டுகோள், பிடிச்சா கட்டளை. வேண்டுகோளை மறுக்கலாம், தள்ளிப்போடலாம், "நிச்சயமா?"ன்னு கேக்கலாம். கட்டளையை எந்த சாஃப்ட்வேரும் தடுக்கக் கூடாது. அதே சமயம் கட்டளைக்கு விலை உண்டு. லினக்ஸ் நீங்க சேவ் பண்ணினதை உடனே டிஸ்க்கில் எழுதாது. சாதாரண செட்டிங்கில், 30 செகண்ட் பழசான பிறகுதான் கட்டாயம் எழுதணும்னு முடிவு பண்ணும். கன்ட்ரோல் எஸ் தட்டின கையோட பட்டனைப் பிடிச்சு அணைச்சா, சேவ் ஆனதா நினைச்சது காணாமப் போக வாய்ப்பு இருக்கு.

ஒரு குட்டி விலகல், டூயல் பூட் வெச்சிருக்கிறவங்களுக்கு. விண்டோஸ் 8-லிருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தா, நீங்க "ஷட்டவுன்" கொடுத்தாலும் கெர்னல் முழுசா மூடாது, தன் நிலையை டிஸ்க்கில் எழுதி வெச்சிட்டுத் தூங்கும். லினக்ஸில் போய் அந்த டிரைவைத் திறந்தா எழுத விடாம மக்கர் பண்றது இதனாலதான். ரீஸ்டார்ட் கொடுத்தா முழுசா மூடும்.

இருட்டுத் திரை

சரி, தம்பி ஏன் அமுக்கினான்? திரை இருட்டா இருந்துச்சு. இருட்டுத் திரைக்கு மூணு அர்த்தம் இருக்கலாம்: கம்ப்யூட்டர் ஆஃப், கம்ப்யூட்டர் தூக்கம், இல்லைன்னா மானிட்டர் மட்டும் அணைஞ்சு உள்ளே வேலை ஓடிட்டிருக்கு. முதல் ரெண்டில் பட்டனை அமுக்கிறது சரி, மூணாவதில் அதே செயல் நாசம். வித்தியாசம் சொல்ல இருக்கிறது மேஜைக்கு அடியில், தூசி படிஞ்ச கேபினெட்டில் ஒரு சின்ன எல்இடி. ஒரே பட்டனுக்கு நிலைக்கு ஒரு அர்த்தம் இருந்து, எந்த நிலைன்னு கண்ணுக்குத் தெரியாதபோது வர்ற இந்தப் பிழையை டிசைன் படிக்கிறவங்க மோட் எரர்னு சொல்வாங்க.

இன்னொண்ணும் இருக்கு. அவன் கையில் தினமும் இருக்கிறது போன். போனில் பவர் பட்டனைத் தட்டினா திரை வரும், மறுபடி தட்டினா திரை போகும். போன் ஆஃப் ஆகாது. அந்தப் பழக்கம் விரலில் ஊறிப்போன ஒரு ஆள், இருட்டுத் திரையைப் பார்த்தா வேற என்ன செய்வான்?

அதனால என் தீர்ப்பு இது. திரை அணைஞ்சிருக்கும்போது வரும் முதல் தட்டல், திரையை எழுப்பணும், வேற எதுவும் செய்யக் கூடாது. திரை வெளிச்சமா இருக்கும்போது தட்டினா, ஷட்டவுனா தூக்கமான்னு கேக்கணும். கேட்டும் பதில் வரலைன்னா சும்மா இருக்கணும். நிறைய டெஸ்க்டாப்பில் பதில் வரலைன்னா ஒரு நிமிஷத்தில் தானா ஷட்டவுன் ஆகும். அது ஆள் இல்லாத லேபில் எங்களை மாதிரி ஆட்களைக் காப்பாத்தாது. நேரா தூக்கத்துக்குப் போறது நல்ல யோசனைதானேன்னு ரூம்மேட் கேட்டான். லேப்டாப்புக்கு சரி. ராத்திரி முழுக்க ஓட வேண்டிய மெஷினுக்கு அதுவும் தொந்தரவுதான். எப்படி இருந்தாலும், தட்டினதுக்கு கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏதாவது நடக்கணும். ஒண்ணும் நடக்கலைன்னா மனுஷன் அடுத்து பட்டனைப் பிடிச்சு அமுக்குவான், நாலு செகண்ட்ல கதை முடிஞ்சிடும்.

எங்க லேப் மெஷினில் என்ன மாத்தினோம்? லாகின்டி கன்ஃபிக் ஃபைலில், ஹேண்டில் பவர் கீ என்கிற வரியில் "இக்னோர்"னு எழுதினோம். அங்கே ஓடறது எக்ஸ் சர்வர். அது பவர் பட்டனையும் இன்னொரு கீபோர்டாகவே பார்க்கும், எக்ஸ்இன்புட் லிஸ்ட் கொடுத்தா பெயரோட வரும். ஸ்பேஸ் பார் தட்டினா திரை எழும்புற மாதிரி, இதைத் தட்டினாலும் எழும்பும். வேலண்ட் ஓடும் டெஸ்க்டாப்பில் வேற மாதிரி இருக்கலாம், உங்க மெஷினில் சோதிச்சுப் பாருங்க. ரூட் பாஸ்வேர்டு கையில் இல்லாதவங்க, ட்ரெயினிங் கமாண்டுக்கு முன்னால் சிஸ்டம்டி-இன்ஹிபிட் சேர்த்து ஓட விடலாம். அந்த வேலை முடியற வரைக்கும் பட்டனின் வேண்டுகோளை லாகின்டி நிராகரிக்கும். விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போனா, பட்டன் என்ன செய்யணும்னு தேர்ந்தெடுக்கலாம். "திரையை மட்டும் அணை" என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு.

மாத்தி முடிச்சதும் அதே தம்பியைக் கூப்பிட்டு, இருட்டுத் திரை முன்னால் உக்கார வெச்சு, "ஆன் பண்ணுடா"ன்னோம். தயங்கித் தயங்கி பட்டனைத் தட்டினான். திரை வந்தது. லாஸ் குறைஞ்சிட்டே ஓடிட்டிருந்தது.