முற்றிய கண் நீர் அழுத்த நோயும் லேசர் சிகிச்சையும்



லேசர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் குடும்பத்தார் என்னிடம் கேட்பது அநேகமாய் ஒரே கேள்விதான்: "ஐயா, பார்வை திரும்புமா?" கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோயில் பட்டுப்போன பார்வை நரம்பு மறுபடி துளிர்ப்பதில்லை. கண்புரை போல் எண்ணி வருகிறவர்களுக்கு இது கடினமான பதில். ஆனாலும் சிகிச்சைக்கு முன்னமே சொல்லிவிடுவது நல்லது.

அப்படியானால் லேசர் எதற்கு? கருவிழிக்குப் பின்னால் வளையமாக அமைந்த ஒரு பகுதி ஓயாமல் நீரைச் சுரக்கிறது. அந்த நீர் வடியும் வழி தடைபட்டால் அழுத்தம் ஏறி நரம்பைச் சிதைக்கிறது. ஆரம்ப நிலையில் எஸ்.எல்.டி. என்னும் லேசர் வடிகாலைச் சீராக்கும். நோய் முற்றியவர்களுக்குப் பெரும்பாலும் அது மட்டும் போதாது. சொட்டு மருந்தும் அறுவைச் சிகிச்சையும் பலன் தராத கண்ணில், டையோடு லேசர் வெள்ளை விழியின் வழியாகவே பாய்ந்து, நீர் சுரக்கும் இடத்தில் ஒரு பகுதியைச் சுட்டுவிடும். வடிகால் சரிப்படாதபோது ஊற்றைக் குறைப்பது போலத்தான். மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வார்கள், கீறல் இல்லை. சிலருக்கு மறுபடியும் செய்ய நேரிடும். அளவு மிஞ்சினால் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, மீந்த பார்வையும் கெடலாம். ஆகவே மருத்துவர்கள் இதில் அவசரப்படுவதில்லை.

பார்வை முழுதும் போன கண்ணிலும் இதைச் செய்வதுண்டு. வீண் செலவென்று நினையாதேயுங்கள். இரவெல்லாம் வலித்த கண் ஆறுகிறது. சிலருக்குக் கண்ணையே எடுத்துவிடும் நிலை தவிர்க்கப்படுகிறது.

லேசருக்குப் பின்னும் மருத்துவர் சொல்லாமல் சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. இன்னொன்று: நோயாளியின் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஆகையால் துணைக்கு வந்த தம்பியையும் அன்றைக்கே கண் பரிசோதனைக்கு உட்காரச் சொல்லுகிறோம்.