பழைய எக்ஸ்பி இரண்டு கோர்களை ஏற்குமா?

மூன்றாம் ஆண்டு கணினிப் பொறியியல் மாணவன்



எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பாலக்கோடு பக்கம் ஓர் எடைமேடையில் வேலை பார்க்கிறார். 'கம்ப்யூட்டர் படிக்கிற பையன்' என்று பெயர் வந்துவிட்டதால், ஊரில் எது ரிப்பேர் ஆனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப் போன இடத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடமே இக்கட்டுரை.

நடந்தது என்ன?

சென்ற கோடை விடுமுறையில் எடைமேடைக் கம்ப்யூட்டர் ரொம்பவும் திணறியது. அதில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி. எடை போடும் புரோகிராம் அதில் மட்டும்தான் ஓடும். எழுதிக் கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. மதர்போர்டு கையேட்டைப் பார்த்தேன், கோர் 2 டியோ போடலாம் என்று இருந்தது. ஒற்றைக் கோர் செலரானைக் கழற்றிவிட்டு, தர்மபுரியில் செகண்ட் ஹேண்டாக ஒரு கோர் 2 டியோ வாங்கிப் போட்டேன். கிட்டத்தட்ட அதே கிகாஹெர்ட்ஸ்தான், கோர் மட்டும் ஒன்றுக்கு இரண்டு. "இனிமே டபுள் ஸ்பீடுண்ணா" என்று ஓனரிடம் வாய்விட்டேன்.

ஸ்பீடு கூடவே இல்லை! டாஸ்க் மானேஜரைத் திறந்தால் ஒரே ஒரு கட்டம்தான் தெரிந்தது. பக்கத்துக் கடை மெக்கானிக், "எக்ஸ்பி பழசுப்பா, அது டூயல் கோரை எடுக்காது" என்று சொல்லிவிட்டார். ஓனர் அப்பாவைப் பார்த்து, "உம் பையன் பேச்சைக் கேட்டு காசு போச்சே" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வரும்போது, "சம்பளத்துல புடிச்சுக்குவாரு போல" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழசு என்றால் எடுக்காதா?

வயதை வைத்து இதைச் சொல்ல முடியாது, வம்சத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். விண்டோஸ் 95, 98, எம்இ ஆகிய மூன்றும் ஒரு வம்சம். இவை ஒரே ஒரு பிராசசருக்கு மட்டுமே வேலை கொடுக்கத் தெரிந்தவை. இரண்டு கோர் இருந்தாலும் ஒன்று சும்மா கிடக்கும்.

1993-இல் வந்த விண்டோஸ் என்டி வேறு வம்சம். பல பிராசசர்களுக்கு வேலையைப் பங்கிடும் திறமை அதன் கெர்னலில் தொடக்கத்திலேயே இருந்தது. அந்த வழியில் விண்டோஸ் 2000 வந்தது. 2001-இல் எக்ஸ்பி வந்தது. லினக்ஸுக்கு இந்தத் திறமை 1996-இல் 2.0 பதிப்போடு வந்தது. சாதாரண டெஸ்க்டாப்புக்கு டூயல் கோர் வந்ததோ 2005-இல்தான். ஆகவே கோர் வருவதற்கு முன்பே எக்ஸ்பி தயாராக இருந்தது என்றால் மிகையாகாது.

சாக்கெட் வேறு, கோர் வேறு

நம்மில் பலர் குழம்பும் இடம் இது. எக்ஸ்பி ஹோம் ஒரு பிராசசர், எக்ஸ்பி புரொஃபஷனல் இரண்டு பிராசசர் என்று லைசென்ஸ் சொல்கிறது. இங்கே பிராசசர் என்பது போர்டில் உள்ள சாக்கெட்டைக் குறிக்கும். அதற்குள் இருக்கும் கோர்கள் இந்தக் கணக்கில் வராது. ஆனால் விண்டோஸ் 2000 புரொஃபஷனல் ஒவ்வொரு கோரையும் தனிப் பிராசசராக எண்ணிவிடும். நான்கு கோர் போட்டாலும் இரண்டைத்தான் பயன்படுத்தும்.

நம் வீடுகளிலேயே இதற்கு உதாரணம் உண்டு. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்பக் கட்ட மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஸ்டார்ட்டர் 'ஒரு பிராசசர்' பதிப்புதான். இருந்தாலும் என் அக்காவின் மடிக்கணினியில் இரண்டு கோரும் வேலை செய்கின்றன. ஸ்டார்ட்டருக்கு உண்மையான தடை ரேமில்தான்: 2 ஜிபிக்கு மேல் எடுக்காது.

எங்கே கோளாறு?

எக்ஸ்பி இன்ஸ்டால் ஆகும்போது வன்பொருளைப் பார்த்து, அதற்கேற்ற 'ஹால்' என்ற அடுக்கையும் கெர்னலையும் தேர்ந்தெடுக்கும். எடைமேடையில் எக்ஸ்பி போட்ட காலத்தில் இருந்தது ஒற்றைக் கோர். டிவைஸ் மானேஜரில் 'கம்ப்யூட்டர்' என்பதை விரித்தேன். 'ஏசிபிஐ யூனிபிராசசர் பிசி' என்று இருந்தது. அதாவது, வீட்டுக்கு இரண்டாவது ஆள் வந்தும் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவில்லை!

முதலில் எடைக் கணக்குகளை பேக்கப் எடுத்தேன். பிறகு அப்டேட் டிரைவர் மூலம் பட்டியலில் 'ஏசிபிஐ மல்டிபிராசசர் பிசி' என்பதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தேன். டாஸ்க் மானேஜரில் இரண்டு கட்டங்கள்! (அந்த இடத்தில் யூனிபிராசசர் என்ற சொல் இல்லாமல் வெறும் ஏசிபிஐ பிசி என்று இருந்தால் இப்படி மாற்றக் கூடாது. எக்ஸ்பியை மறுபடி இன்ஸ்டால் செய்வதே நல்லது.)

இரண்டு கோர் வந்தும் டபுள் ஸ்பீடு ஏன் இல்லை?

ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன், பழைய நேரமே ஆனது. டாஸ்க் மானேஜர் 50 சதவீதத்தில் நின்றது. ஆபரேட்டிங் சிஸ்டம் கோர்களைக் கொடுத்தாலும், புரோகிராம் தன் வேலையைத் துண்டுகளாகப் பிரித்து எழுதப்பட்டிருந்தால்தான் பயன். அந்தப் புரோகிராம் ஒரே துண்டு.

பிரித்தாலும் ஓர் எல்லை உண்டு. 1967-இல் ஜீன் அம்டால் சொன்ன விதி இது. நம் ஊர்ப் புளியை வைத்துப் பார்ப்போம். புளி உடைத்துக் கொட்டை எடுக்க ஒருவருக்கு 40 நிமிடம். தராசில் எடை போட்டுக் கட்ட 20 நிமிடம். தராசு ஒன்றுதான். மொத்தம் 60 நிமிடம். இரண்டு பேர் உடைத்தால் 20 + 20 = 40 நிமிடம். நான்கு பேர் என்றால் 10 + 20 = 30 நிமிடம். நூறு பேர் உட்கார்ந்தாலும் 20-க்குக் கீழே வராது. தராசு தராசுதான்!

முடிவுரை

மறுநாள் ஓனரிடம் உள்ளதைச் சொன்னேன். "டபுள்னு நான் சொன்னது தப்புண்ணா. ரிப்போர்ட் அதே நேரம்தான் ஆகும். ஆனா ரிப்போர்ட் ஓடுறப்பவே அடுத்த லாரிக்கு எடை போடலாம்." இரண்டும் தனித்தனி புரோகிராம் என்பதால் எக்ஸ்பி அவற்றை ஆளுக்கொரு கோரில் ஓட்டியது. ஓனர் அரை நாள் உட்கார்ந்து பார்த்தார். "சரி, லாரி நிக்கல" என்றார். அப்பாவின் சம்பளத்தில் கை வைக்கவில்லை.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8-இலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலும் முடிந்துவிட்டன. ஆகவே அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து இன்டர்நெட் வயரைக் கழற்றி வைத்தேன். கோரை ஏற்பது வேறு, பாதுகாப்பாக இருப்பது வேறு.

நண்பர்களே, பழசு என்று எதையும் உடனே ஒதுக்காதீர்கள். முதலில் டிவைஸ் மானேஜரைத் திறந்து பாருங்கள். என்னைப் போலப் பார்ப்பதற்கு முன்பே வாயைத் திறந்துவிடாதீர்கள்!