எலும்பை அரிக்கிறதா ஏ.டி.எச்.டி. மாத்திரை?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 11 வயது. ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துடிப்பு) இருக்கிறது என்று ஒன்றரை வருடமாக மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை கொடுக்கிறோம். படிப்பில் நல்ல மாற்றம் தெரிகிறது. ஆனால், மதியம் கட்டிக் கொடுக்கும் சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது. போன மாதம் கேம்ப் ரோடு பக்கம் சைக்கிளிலிருந்து விழுந்து, மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறோம். "அந்த மாத்திரைதான் எலும்பை அரிக்குது, உடனே நிறுத்து" என்கிறார் நாத்தனார். நிறுத்திவிடலாமா?

- ஒரு தாய், சேலையூர்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் பேசாமல் ஒரு வேளைகூடக் குறைக்க வேண்டாம்.

உங்கள் நாத்தனாரின் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரை நடந்த தேசிய உடல்நல ஆய்வின் தகவல்களை அலசியபோது, இவ்வகை மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளுக்கு இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பு அடர்த்தி சற்றுக் குறைவாக இருந்தது. எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோதும் எலும்பின் வலு குறைந்தது. நிறுத்திய பின் பெரும்பாலும் தேறிவிட்டது. ஆனால் அமெரிக்கக் கணக்கு ஒரே சமயத்தில் எடுத்த அளவு. காரணம் மாத்திரைதானா, அதனால் பிள்ளை சாப்பிடாமல் மெலிந்ததா என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

தைவானில் பெரிய அளவில் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்து 2017-இல் வெளியான ஆய்வோ வேறு பக்கம் காட்டியது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில், ஆறு மாதத்துக்கு மேல் மெத்தில்ஃபெனிடேட் எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு குறைவாக இருந்தது. இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. முன்பின் பார்க்காமல் சாலையில் பாய்வது, மதில் மேலிருந்து குதிப்பது, சைக்கிளில் பஸ்ஸை முந்துவது எல்லாம் இந்தப் பிள்ளைகளின் இயல்பு. அந்த வேகத்தை மாத்திரை கட்டுப்படுத்துகிறது. வேளச்சேரி மெயின் ரோட்டுப் போக்குவரத்தில் மாத்திரை இல்லாமல் உங்கள் மகன் சைக்கிள் ஓட்டுவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

தவிர, வளர்ச்சி வேகமெடுக்கும் 10 முதல் 14 வயதில் எலும்பு நீளும் வேகத்துக்குச் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) ஈடுகொடுத்துச் சேர்வதில்லை. கையை ஊன்றி விழுந்தால் முன்கை எலும்பு முறிவது எந்த மாத்திரையும் சாப்பிடாத பிள்ளைகளுக்கும் இந்த வயதில்தான் அதிகம்.

என்னைக் கவலைப்பட வைப்பது திரும்பி வரும் அந்தச் சாப்பாட்டு டப்பா. மாத்திரை பசியை அடக்கும் நேரமும் பள்ளிக்கூட நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. சாயங்காலம் மாத்திரையின் வேகம் இறங்கிப் பசி கிளம்பும்போது பிள்ளை டியூஷனில் இருக்கிறான்; கையில் கிடைப்பது ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். வீட்டுக்கு வந்ததும் சோர்ந்து படுத்துவிடுகிறான். இப்படி ஒன்றரை வருடம் போனால் எடையும் ஏறாது, எலும்பும் தேறாது. 10 முதல் 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 850 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 அளவுகோல்.

அதனால் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகே மாத்திரை கொடுங்கள். டியூஷன் இருந்தால் அதை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டு, பள்ளி வேன் விட்டு இறங்கியதும் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, முட்டை, ஒரு டம்ளர் பால் என்று கொடுத்துப் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் பசித்தாலும் மறுக்காதீர்கள். அசைவம் சாப்பிடுகிற வீடென்றால் நெத்திலி மீன் மிக நல்லது, முள்ளோடு சாப்பிடலாம். உங்கள் பக்கத்துச் சானடோரியம் சித்த மருத்துவமனையில் சங்கு பற்பம் போல ஏதாவது வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்றால் மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், எலும்பு டாக்டர் இருவரிடமும் சொல்லிவிடுங்கள். அதுவும் சுண்ணாம்புச் சத்துதான், கணக்கில் சேர வேண்டும்.

வெயில் விஷயத்தில் நம் ஊரில் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. காலை ஏழு மணி இளவெயில் இதமானது, ஆனால் தோலில் வைட்டமின் டி உண்டாக்க அது போதாது. பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் வரும் வெயில்தான் அதற்கு உதவும். அந்த நேரத்தில் பிள்ளைகள் வகுப்பறைக்குள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அரைக்கை சட்டையோடு இருபது நிமிடமாவது வெளியே விடுங்கள்.

இன்னொன்றைப் பள்ளிக்கூடத்தில் போய்க் கேளுங்கள். "சும்மா இருக்க மாட்டேன்கிறான்" என்று இந்தப் பிள்ளைகளை பி.டி. பீரியடில் உட்கார வைத்து எழுத வைக்கிறார்கள். பல தாய்மார்கள் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். ஓடுவதும் குதிப்பதும்தான் எலும்பைக் கெட்டிப்படுத்தும். அதைத் தண்டனையாகப் பறிப்பது அநியாயம். கட்டு பிரித்து, எலும்பு டாக்டர் விளையாட அனுமதித்த பிறகு அந்த பீரியடை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு முறிவுக்காக எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். 10 வயதுக்குள் இரண்டு முறையோ, 19 வயதுக்குள் மூன்று முறையோ கை, கால் நீள எலும்புகள் முறிந்தால், அல்லது பெரிய அடி படாமலே முதுகெலும்பு நசுங்கினால் தீர விசாரிக்க வேண்டும். இப்போதைக்கு ரத்தத்தில் வைட்டமின் டி அளவு பார்ப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

மாவுக்கட்டு பிரிக்கப் போகும்போது, மகன் சாப்பிடும் மாத்திரையின் பெயரை எலும்பு டாக்டரிடம் சொல்லுங்கள். கடந்த ஒன்றரை வருடத்தில் பதிவான உயரம், எடை அத்தனையையும் ஒரு தாளில் எழுதி, மாத்திரை எழுதிக்கொடுத்த மனநல டாக்டரிடம் கொடுங்கள். எடை நின்றுபோயிருந்தால் அளவைக் குறைக்கவோ, நேரத்தை மாற்றவோ, வேறு மருந்துக்குப் போகவோ அவரால் முடியும்.