வகுப்புப் படத்துக்கு ஏன் 350 ரூபாய்?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஆண்டுதோறும் பள்ளியில் குரூப் போட்டோ எடுக்கிறார்கள். இந்த ஆண்டு ஒரு படத்துக்கு 350 ரூபாய் கட்டச் சொல்லி டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதே அளவுப் படத்தை எங்கள் தெரு ஸ்டூடியோவில் 40 ரூபாய்க்குப் பிரிண்ட் போட்டுத் தருகிறார்கள். இப்போது ஃபிலிம்கூடக் கிடையாது, எல்லாம் டிஜிட்டல்தானே? மீதி 310 ரூபாய் எங்கே போகிறது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: நல்ல கேள்வி அம்மா. பெரும்பாலான பெற்றோர் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுகிற தொகை இது. நீங்கள் கழித்துப் பார்த்து, மிச்சத்துக்குக் கணக்கு கேட்டிருக்கிறீர்கள். தேடிப் பார்ப்போம்.

படத்தின் விலை என்றால் காகிதத்தின் விலை என்று நாம் எல்லோருமே நினைக்கிறோம். உங்கள் தெரு ஸ்டூடியோ 40 ரூபாய் வாங்குவது, நீங்கள் பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுக்கும் படத்தை அச்சிட்டுத் தருவதற்கு மட்டும்தான். படம் எடுத்த உழைப்பு அந்த 40 ரூபாயில் இல்லை. பள்ளிப் படத்தில் அந்த உழைப்புதான் பெரும்பங்கு. காகிதம் அதில் மிகச் சிறிய செலவு.

டிஜிட்டல் வந்ததும் வேலை குறைந்துவிட்டது என்பதும் சரியில்லை. ஃபிலிம் காலத்தில் ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்று முறை கிளிக் செய்வார்கள். யாராவது கண்ணை மூடியிருந்தால் மூடியபடியே காலத்துக்கும் சுவரில் தொங்கவேண்டியதுதான். யாரும் திருப்பிக் கேட்டதில்லை. இன்று அப்படி ஒரு படத்தை அனுப்பினால் மறுநாளே பள்ளிக்கு போன் வரும்.

கண் மூடுவதைப் பற்றி ஓர் ஆய்வே நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த பியர்ஸ் பார்ன்ஸ், நிக் ஸ்வென்சன் இருவரும், ஒரு குழுவில் ஒருவர்கூடக் கண் சிமிட்டாத படம் கிடைக்க எத்தனை முறை எடுக்கவேண்டும் என்று கணக்கிட்டார்கள். முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு, 2006இல் கணிதப் பிரிவில் இவர்களுக்குக் கிடைத்தது. இருபது பேருக்குக் குறைவான குழுவென்றால் அவர்கள் தந்த வழி எளிது: நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுக்கவேண்டும், மங்கலான வெளிச்சத்தில் இரண்டால். 18 பேர் வெயில் நேரத்தில் நின்றால் ஆறு படம் எடுத்தால் போதும். ஆனால் கூட்டம் ஐம்பதை நெருங்கும்போது, நல்ல வெளிச்சத்திலும் எல்லோரும் கண் திறந்த ஒரே படம் கிடைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

உங்கள் மகளின் வகுப்பில் நாற்பது பிள்ளைகள், கூட இரண்டு மூன்று ஆசிரியர்கள் இருப்பார்கள் இல்லையா? அப்படியானால் எல்லோரும் கண் திறந்திருக்கும் அந்தப் படம், ஒரே கிளிக்கில் வந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. பத்துப் பன்னிரண்டு படம் எடுத்து, நல்லதாக ஒன்றைத் தேர்ந்து, அதில் கண் மூடியவர்களின் முகத்தை மட்டும் மற்றப் படங்களிலிருந்து வெட்டி ஒட்டுகிறார்கள். எடிட்டிங் என்று அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். ஒரு வகுப்புக்கு ஓரிரண்டு மணி நேரம் இதிலேயே போய்விடும்.

அடுத்த வேலை பெயர்கள். படத்துக்குக் கீழே ‘அமர்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலம்’, ‘நிற்பவர்கள் முதல் வரிசை’ என்று அச்சாகியிருக்கும் அல்லவா? படம் எடுக்கும்போதே வகுப்பாசிரியர் ஒரு வெள்ளைத்தாளில் வரிசை வரிசையாக எழுதிக் கொடுப்பது அது. எழுதி முடித்த பிறகு இரண்டு பையன்கள் இடம் மாறி நின்றிருப்பார்கள். ஒரு முருகேசனுக்கு இனிஷியல் ‘எஸ்’, இன்னொரு முருகேசனுக்கு ‘எம்’. இதில் ஒன்று தவறினாலும் அந்த வகுப்பின் அத்தனை படங்களையும் மறுபடி அச்சிடவேண்டும். அந்தச் செலவு ஸ்டூடியோ தலையில்தான் விழும். அதற்காகவே விலையில் முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்துவைக்கிறார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

அப்படியென்றால் ஆசிரியரே செல்போனில் எடுத்துவிடக் கூடாதா? பெற்றோர் அடிக்கடி கேட்பது இது. மெகாபிக்சல், அதாவது படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, இதில் தடையே இல்லை. 8க்கு 12 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 86 லட்சம் புள்ளிகள் போதும். இன்றைய பெரும்பாலான செல்போன்கள் அதைத் தரும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. செல்போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோண லென்ஸ், அதாவது கிட்டே நின்றே பரந்த காட்சியைப் பிடிப்பது. அது வரிசையின் இரு ஓரத்திலும் நிற்கும் பிள்ளைகளின் முகத்தை இழுத்து அகலமாக்கிவிடும். 12 அங்குல அகலத்தில் 12 பேர் நின்றால் ஆளுக்கு ஓர் அங்குலம். முகம் அரை அங்குலத்துக்கும் குறைவு. அந்தச் சின்ன முகம் கோணாமல், முன்வரிசை முதல் பெஞ்சின்மேல் நிற்கும் கடைசி வரிசைவரை தெளிவாக விழ வேண்டும். அதற்குத் தள்ளி நின்று எடுக்கும் லென்ஸும், எல்லோர்மேலும் ஒரே அளவில் விழும் வெளிச்சமும் வேண்டும். போட்டோகிராபர்கள் காலை இறைவணக்கம் முடிவதற்குள் வந்து, கட்டடத்தின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பெஞ்சை நகர்த்திக்கொண்டிருப்பது இதற்காகத்தான். நேர்வெயிலில் நிறுத்தினால் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிவிடுவார்கள்.

இனி ரூபாய்க்கு வருவோம். பள்ளிக்குப் பள்ளி தொகை மாறும். நான் போடுவது விளக்கத்துக்கான கணக்கு. 15 வகுப்பு, வகுப்புக்கு 40 பேர், மொத்தம் 600 பிள்ளைகள் என்று வையுங்கள். நான்கு பேர் ஒருநாள் வந்து எடுப்பதற்கான கூலி, வண்டி, விளக்கு, பின்னால் எடிட்டிங், பெயர் சரிபார்த்தல் எல்லாம் சேர்ந்து 25,000 ரூபாய் ஆகிறது. இது நிலைச்செலவு: பத்துப் பேர் வாங்கினாலும் 600 பேர் வாங்கினாலும் மாறாதது. இதைத் தவிர ஒவ்வொரு படத்துக்கும் பிரிண்ட் 40 ரூபாய், அட்டை, பெயர்ப்பட்டி, உறை எல்லாம் 50 ரூபாய், ஆக 90.

எல்லோரும் வாங்கினால் நிலைச்செலவு ஆளுக்கு 42 ரூபாய்தான். பாதிப்பேர், அதாவது 300 பேர் மட்டும் வாங்கினால் அதுவே 83 ஆகிவிடும். எத்தனை பேர் வாங்குவார்கள் என்று போட்டோகிராபருக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் பாதிப்பேர் கணக்கிலேயே விலை வைக்கிறார். வாங்குகிற நீங்கள், வாங்காத இன்னொருவரின் பங்கையும் சுமக்கிறீர்கள். 83ம் 90ம் சேர்ந்து 173. ஸ்டூடியோவின் லாபம் 50 என்றால் 223. இதுவரை நியாயமான செலவுதான்.

அடுத்து வருவதைப் பற்றிப் பெற்றோரிடம் யாரும் பேசுவதில்லை. சில பள்ளிகள் படத்துக்கு இவ்வளவு என்று ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. ரொக்கமாக வாங்காத இடங்களிலும் பொருளாக வாங்குவது உண்டு: ஆண்டுவிழாவை இலவசமாக வீடியோ எடுத்துத் தரவேண்டும், அடையாள அட்டைப் படங்கள் இலவசம், பள்ளிக்கு ஓர் ஆல்பம் இலவசம். இலவசம் என்று சொன்னாலும் அந்தச் செலவு குரூப் போட்டோ விலையில்தான் ஏறும். அது 70 ரூபாய் என்று வைத்தால் 293. புகைப்படச் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சிறிய ஸ்டூடியோ என்றால் இந்த வரி வராது. வரியும் சேர்ந்தால் 346. உங்கள் 350க்கு வந்துவிட்டோம்.

இதே கணக்கில் பள்ளியின் பங்கை எடுத்துவிட்டு, எல்லோரும் வாங்குவதாகக் கொண்டால் வரியோடு சேர்த்தே 215 ரூபாய்தான் ஆகும். படத்தின் தரத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் 135 ரூபாய் குறைகிறது.

ஆக, உங்கள் 310 ரூபாயைப் போட்டோகிராபர் விழுங்கவில்லை. விலை ஏறுவதற்கு என் பார்வையில் ஒரு காரணம்தான் பெரிது: ஸ்டூடியோவைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பணம் கட்டுபவர் இன்னொருவர். தேர்ந்தெடுக்கும் பள்ளிக்கு விலை குறைவதால் லாபமில்லை. பணம் கட்டும் உங்களுக்கு வேறு கடைக்குப் போக வழியில்லை. உங்கள் மகள் தோழிகளோடு நிற்கும் படம் ஒரே இடத்தில்தான் கிடைக்கும். அமெரிக்காவிலும் இதே அமைப்புதான். 1936இல் தொடங்கி அங்கே பள்ளிப் படத்துறையின் பெரிய நிறுவனமாக வளர்ந்த லைஃப்டச்சை, 2018இல் ஷட்டர்ஃப்ளை நிறுவனம் 82 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. பிள்ளை நிற்கிற படத்தைப் பெற்றோர் வேண்டாம் என்று சொல்வது கடினம் என்பது வணிகர்களுக்கு நன்றாகத் தெரியும்.

டிஜிட்டல் பிரதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் தந்து படம் எடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர் என்கிறது. பள்ளிப் படத்தில் எடுக்கச் சொன்னது பள்ளி, பணம் கட்டியது பெற்றோர். உரிமை யாருக்கு என்று நாளை வாதம் வரலாம். ஸ்டூடியோவோடு பேசும்போதே, படம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் டிஜிட்டல் பிரதியும் உண்டு என்று எழுதி வாங்கிவிட்டால் அந்த வாதமே எழாது. அதை அனுப்ப ஸ்டூடியோவுக்குச் செலவும் அநேகமாக இல்லை.

படம் கட்டாயம் என்று உங்கள் பள்ளி சொன்னால் மட்டும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. எல்லோரும் கட்டியே ஆகவேண்டிய தொகையைப் போட்டோ என்ற பெயரில் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைவிட முக்கியமானது, பணம் கட்டாத பிள்ளையை வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தவே கூடாது. படம் வாங்குவது பெற்றோர் விருப்பம். படத்தில் நிற்பது பிள்ளையின் உரிமை.

இந்த ஆண்டு ஒப்பந்தம் முடிந்திருக்கும், இனி பேரம் பேசிப் பயனில்லை. அடுத்த ஜூனில் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை ஸ்டூடியோக்களிடம் விலை கேட்டீர்கள்? பள்ளிக்கு அதில் பங்கு உண்டா? டிஜிட்டல் பிரதி தருவார்களா? கூடவே நான்கைந்து பெற்றோரையும் அழைத்துப் போங்கள்.