மின் நிலையம் மூடிய ஊர்

லிதுவேனியா ஐரோப்பாவில் உள்ள ஒரு சிறிய நாடு. மக்கள் தொகை 30 லட்சம்கூட இல்லை. அங்கே குளிர் அதிகம். குளிர்காலத்தில் பனி கொட்டும்.

அந்த நாட்டில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. ஏரிக்கரையில் ஓர் அணுமின் நிலையம் இருந்தது. அதன் பெயர் இக்னலினா. அதில் இரண்டு அணு உலைகள் இருந்தன. முதல் உலை 1983-இல் ஓடத் தொடங்கியது. இரண்டாவது உலை 1987-இல் ஓடத் தொடங்கியது. அப்போது லிதுவேனியா சோவியத் யூனியனில் இருந்தது.

அணு உலையில் என்ன நடக்கிறது? யுரேனியம் என்ற உலோகத்தின் அணுக்கள் பிளக்கின்றன. கடும் வெப்பம் உண்டாகிறது. அந்த வெப்பத்தில் தண்ணீர் நீராவி ஆகிறது. நீராவி ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. மின்சாரம் கிடைக்கிறது. நம் கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் இப்படித்தான்.

இந்தியாவில் 100 யூனிட் மின்சாரத்தில் சுமார் 3 யூனிட்தான் அணுவிலிருந்து வருகிறது. லிதுவேனியாவில் 70 யூனிட்டுக்கு மேல் இந்த ஒரே நிலையம் கொடுத்தது. தேவை போக மீதியைப் பக்கத்து நாடுகளுக்கு விற்றார்கள்.

நிலையத்துக்காகவே விசாகினாஸ் என்ற ஊரைக் கட்டினார்கள். அங்கே 30,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். சுமார் 5,000 பேருக்கு நிலையத்தில் வேலை. நல்ல சம்பளம். வீடுகளைச் சூடாக்கும் வெந்நீரும் நிலையத்தில் இருந்தே குழாயில் வந்தது.

பிறகு ஏன் மூடினார்கள்?

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் என்ற இடத்தில் அணு உலை வெடித்தது. இக்னலினா உலைகளும் அதே வகை. மக்கள் பயந்தார்கள். அது வீண் பயம் அல்ல. 2004-இல் லிதுவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. உலைகளை மூட வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. அந்த ஆண்டின் கடைசி நாளில் முதல் உலையை மூடினார்கள்.

இரண்டாவது உலை இன்னும் சில காலம் ஓடட்டுமே என்று பலர் கேட்டார்கள். 2008-இல் மக்களிடம் ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஓடட்டும் என்றார்கள். ஆனால் பாதிப் பேர்கூட ஓட்டுப் போட வரவில்லை. எனவே அந்த ஓட்டெடுப்பு செல்லவில்லை. 2009 டிசம்பர் 31 அன்று இரண்டாவது உலையும் நின்றது.

மின்சாரம் விற்ற நாடு மின்சாரம் வாங்கும் நாடாகியது. கட்டணம் ஏறியது. 100 கட்டியவர் சுமார் 130 கட்ட வேண்டியிருந்தது. அது ஏற்கெனவே தொழில் மந்தமாகிப் பலர் வேலை இழந்த நேரம்.

எரிவாயுவை எரித்தும் மின்சாரம் எடுத்தார்கள். எரிவாயு ரஷ்யாவில் இருந்து மட்டுமே வந்தது. ஊரில் ஒரே கடை இருந்தால் கடைக்காரர் சொல்வதுதானே விலை? 2014 கடைசியில்தான் கப்பலில் வேறு நாட்டு எரிவாயு வந்தது. பிறகு சுவீடனில் இருந்து கடலுக்கு அடியில் மின் கம்பி போட்டார்கள். காற்றாலைகளும் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும் அல்லவா?

உலை நின்றது. அதன் செலவு நிற்கவில்லை. பழைய வீட்டை இடிப்பது போல் உலையை இடிக்க முடியாது. எரிந்த யுரேனியத்தில் கதிர்வீச்சு இருக்கும். அதைப் பல ஆண்டுகள் தண்ணீரில் வைத்து ஆற்ற வேண்டும். பிறகு தடித்த கலங்களில் அடைத்துக் காவல் காக்க வேண்டும். உலையைப் பிரித்து அகற்ற 300 கோடி யூரோவுக்கு மேல் ஆகும். நம் பணத்தில் 25,000 கோடி ரூபாய்க்கும் அதிகம். பெரும் பங்கை ஐரோப்பிய ஒன்றியம் தருகிறது. மூடச் சொன்னவர்கள் செலவிலும் பங்கெடுப்பது நியாயம்தான்.

பிரிக்கும் வேலையில் ஒரு பகுதியினர் இருக்கிறார்கள். மற்றவர்கள் வேறு வேலை தேடினார்கள். பலர் ஊரை விட்டுப் போனார்கள். ஊரில் இப்போது சுமார் 20,000 பேர்தான்.

2012-இல் இன்னொரு ஓட்டெடுப்பு நடந்தது. நாட்டில் புதிய அணுமின் நிலையம் கட்டலாமா என்று கேட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு விபத்து நடந்திருந்தது. நாடு முழுவதும் ஓட்டுப் போட்டவர்களில் 100-க்கு 60 பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். விசாகினாஸ் ஊரிலோ பெரும்பாலோர் வேண்டும் என்றார்கள். அந்த நிலையம் கட்டப்படவில்லை.