ஒரே லாகின், இரு வகைக் கணினி: மலை மேல் அலுவலகங்களுக்கு 23 குறிப்புகள்

சேர்வராயன் மலையில் உறைவிடப் பள்ளி, காபி எஸ்டேட் அலுவலகம், தங்கும் விடுதி என்று கணினி பல இருக்கும் இடங்களில் விண்டோஸும் லினக்ஸும் அடுத்தடுத்த மேசையில் உட்காருவது சகஜம். கணக்கு எழுதவும் பில் போடவும் விண்டோஸ் வேண்டும். உரிமக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க உபுண்டுவோ பாஸ் லினக்ஸோ வேண்டும். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியதும், 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்ததும் தமிழ்நாட்டில் பலருக்கு இந்த இரட்டைப் பழக்கத்தைத் தந்தன.

இதில் அவதிப்படுவது வேலை செய்பவர்தான். இங்கே ஒரு பெயர், அங்கே ஒரு பெயர், இரண்டு பாஸ்வேர்டு. கடைசியில் இரண்டையும் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிடுகிறார். ஆளுக்கு ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு என்று கொண்டுவர முடியும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி டெக்னீஷியன் வரும்வரை காத்திருக்காமல், நீங்களே சரிபார்த்துக்கொள்ள உதவும் குறிப்புகள் இதோ.

தொடங்கும் முன்

1. இது உங்களுக்குத் தேவைதானா என்று முதலில் பாருங்கள். நான்கைந்து கணினி, ஆளுக்கு ஒன்று என்று நிலையாக இருந்தால் இந்த ஏற்பாடே வேண்டாம். பள்ளி லேப், விடுதி வரவேற்பு மேசை, எஸ்டேட் எடை அறை போல ஒரே கணினியில் பலர் மாறி மாறி உட்காரும் இடத்தில்தான் செலவிட்ட நேரத்துக்குப் பலன் கிடைக்கும்.

2. விண்டோஸ் சர்வர் ஏற்கெனவே இருக்கிறதா? அப்படியானால் பாதி வேலை முடிந்தது. விண்டோஸ் 2000-த்தோடு வந்த ஆக்டிவ் டைரக்டரிதான் பயனர் பட்டியலை வைத்திருக்கும் இடம். லினக்ஸ் கணினிகளையும் அந்தப் பட்டியலிலேயே சேர்த்துவிடலாம். லினக்ஸுக்கென்று தனியாக இரண்டாவது பட்டியல் தொடங்காதீர்கள். பட்டியல் இரண்டானால் பழைய தொல்லை அப்படியே திரும்பி வரும்.

3. விண்டோஸ் சர்வர் வாங்க வசதி இல்லை என்றால் சாம்பா இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் இது. 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஆக்டிவ் டைரக்டரி சர்வராகவே இயங்குகிறது. டெபியனிலோ உபுண்டுவிலோ நிறுவுங்கள். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸில் இந்த சர்வர் வசதி சேர்த்துத் தரப்படுவதில்லை.

4. விண்டோஸ் ஹோம் பதிப்பை டொமைனில், அதாவது அந்தப் பொதுப் பட்டியலை நம்பி இயங்கும் கணினிக் கூட்டத்தில், சேர்க்க முடியாது. ப்ரோ, எஜுகேஷன், எண்டர்பிரைஸ் பதிப்புகள்தான் சேரும். புதுக் கணினி வாங்கும்போது கடைக்காரர் விலையைக் குறைத்துச் சொன்னால், உள்ளே இருப்பது எந்தப் பதிப்பு என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

5. பழைய யூனிக்ஸ் அனுபவசாலி யாராவது, பட்டியலைப் பகிர என்ஐஎஸ் போடலாம் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். சன் நிறுவனம் உருவாக்கிய அந்த முறை, மறையாக்கம் இல்லாமலே தகவலை நெட்வொர்க்கில் அனுப்பும். அதற்கு உதவியாக விண்டோஸில் இருந்த வசதியையும் 2016 சர்வர் பதிப்போடு மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது.

பெயரும் கடிகாரமும்

6. டொமைன் பெயரின் முடிவில் 'டாட் லோக்கல்' வைக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் பிரிண்டர் போன்றவற்றைக் கணினிகள் தாமாகத் தேடிக்கொள்வதற்கென்று ஒதுக்கப்பட்ட முடிவு அது. லினக்ஸ் குழம்பிப்போகும். பள்ளிக்கோ விடுதிக்கோ சொந்தமாக இணையப் பெயர் இருந்தால், அதற்கு முன்னால் ஒரு துணைப் பெயரைச் சேர்த்துப் பயன்படுத்துங்கள். பிறகு மாற்றுவது பெரும்பாடு. எனவே முதல் நாளே யோசித்து வையுங்கள்.

7. கணினிக்கு வைக்கும் பெயர் ஆங்கிலத்தில் 15 எழுத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விண்டோஸ் வெட்டிவிடும். வெட்டிய பிறகு இரண்டு கணினிக்கு ஒரே பெயர் ஆகிவிடலாம். இடமும் எண்ணுமாக, லேப் 01, லேப் 02 என்ற மாதிரி இடைவெளி விடாமல் எழுதுங்கள்.

8. பயனர் பெயருக்கு ஒரு விதி வகுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் முன்னெழுத்து முன்னாலும் வரும், பின்னாலும் வரும். ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருப்பார்கள். ஊழியருக்குப் பெயரும் பின்னால் முன்னெழுத்தும், மாணவருக்குச் சேர்க்கை எண் என்று வைத்தால் சண்டை இல்லை. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல், 20 எழுத்துக்குள் இருக்கட்டும்.

9. டிஎன்எஸ் முகவரியைச் சரிபாருங்கள். கணினிகள் சர்வரைத் தேடிக் கண்டுபிடிப்பது அதன் வழியாகத்தான். இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போன ரூட்டர் தன் முகவரியையோ கூகுளின் நான்கு எட்டு முகவரியையோ கணினிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதை மாற்றி, டொமைன் சர்வரின் முகவரியை மட்டும் கொடுக்கச் செய்யுங்கள். இரண்டாவது இடத்தில் கூகுளை வைத்தால், சில நேரம் லாகின் ஆகும், சில நேரம் ஆகாது.

10. கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகக் கூடாது. லாகினுக்குப் பின்னால் இருப்பது, அமெரிக்காவின் எம்ஐடி-யில் உருவான கெர்பரோஸ் முறை. ஏற்காடு ஏரியில் கவுன்டரில் ஒருமுறை சீட்டு வாங்கினால் படகுக்காரர் சீட்டை மட்டும் பார்ப்பதுபோல, பாஸ்வேர்டை ஒருமுறை காட்டினால் நேரம் குறித்த சீட்டு ஒன்று கிடைக்கும். அடுத்தடுத்த இடங்களில் அந்தச் சீட்டே போதும். சீட்டின் நேரமும் கணினியின் நேரமும் ஒத்துப்போகாவிட்டால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் கதவு திறக்காது. எல்லாக் கணினிகளும் டொமைன் சர்வரைப் பார்த்தே நேரத்தைத் திருத்திக்கொள்ளட்டும்.

11. மின்வெட்டுக்குப் பிறகு ஒரு கணினி மட்டும் அடம்பிடித்தால் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சில பத்து ரூபாய்ச் செலவு. பழைய கணினிகளுக்கு நாலைந்து பேட்டரி வாங்கி அலமாரியில் வைத்திருங்கள்.

12. ஒரே மடிக்கணினியில் இரண்டு இயங்குதளமும் இருந்தால் நேரம் ஐந்தரை மணி முன்பின்னாகக் காட்டும். கணினியின் உள்கடிகாரத்தில் விண்டோஸ் இந்திய நேரத்தை வைக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. கோடை நேர மாற்றம் உள்ள நாடுகளில் இது சிக்கல் தரும். நமக்கு அந்த வழக்கம் இல்லை.

13. அதே மடிக்கணினியின் இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு பெயர் வையுங்கள். டொமைனில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் சர்வர் ஒரு ரகசியப் பாஸ்வேர்டு வைத்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே பெயரில் சேர்ந்தால், பிந்திச் சேர்ந்தது முந்திச் சேர்ந்ததை வெளியே தள்ளிவிடும். பெயரின் கடைசியில் விண்டோஸுக்கு ஓர் எழுத்து, லினக்ஸுக்கு வேறோர் எழுத்து போதும்.

லினக்ஸ் பக்கம் கவனிக்க வேண்டியவை

14. சேர்ப்பதற்கு ரெல்ம்டி, எஸ்எஸ்எஸ்டி என்ற இரண்டு தொகுப்புகளை நிறுவுங்கள். முன்னது டொமைனில் சேர்த்துவைக்கும். பின்னது தினமும் லாகினைக் கவனித்துக்கொள்ளும். சேர்ந்ததும் டெர்மினலில் ஐடி என்ற கட்டளையோடு ஒரு பயனர் பெயரைத் தட்டுங்கள். எண்களும் குழுப் பெயர்களும் வந்தால் சர்வரோடு பேச்சு தொடங்கிவிட்டது.

15. பெயருக்குப் பின்னால் டொமைன் பெயரையும் சேர்த்துத் தட்டச் சொல்கிறதா? ரெல்ம்டி முதலில் அப்படித்தான் அமைத்துவைக்கும். எஸ்எஸ்எஸ்டி அமைப்புக் கோப்பில் முழுப் பெயர் கேட்கும் வரியை 'ஃபால்ஸ்' ஆக்கிவிட்டால் விண்டோஸைப் போலவே குறும்பெயர் போதும். குழந்தைகள் லாகின் செய்யும் லேபில் இதை மறக்காதீர்கள்.

16. பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்ட திரை, உடனே பழைய இடத்துக்கே திரும்பினால் அநேகமாக அவருக்கு ஹோம் ஃபோல்டர் உருவாகவில்லை. உபுண்டு, டெபியன், அதை ஒட்டி உருவான பாஸ் லினக்ஸ் ஆகியவற்றில் 'முதல் லாகினில் ஹோம் உருவாக்கு' என்ற விருப்பத்தை நாம்தான் இயக்கிவிட வேண்டும்.

17. எல்லா லினக்ஸ் கணினியிலும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். லினக்ஸுக்குப் பெயரைவிட பயனர் எண்தான் முக்கியம். ஒன்றில் எஸ்எஸ்எஸ்டி, இன்னொன்றில் அதே வேலையைச் செய்யும் வின்பைண்ட் என்று கலந்தால், ஒரே ஆளுக்கு இரண்டு எண் விழலாம். பொதுச் சேமிப்பில் தான் எழுதிய கோப்பைத் தானே திறக்க முடியாமல் நிற்பார்.

18. பட்டியலில் இருப்பவர் எல்லாம் எல்லாக் கணினியிலும் நுழைய வேண்டியதில்லை. கணக்கு அறைக் கணினிக்குக் கணக்குக் குழு மட்டும், லேபுக்கு மாணவர் குழு என்று ரெல்ம்டியிலேயே அனுமதி வரையறுக்கலாம். நிர்வாகி உரிமையையும் ஆளுக்குக் கொடுக்காமல் குழுவுக்குக் கொடுங்கள். வேலையை விட்டுப் போகிறவரைக் குழுவிலிருந்து நீக்கி, அவருடைய பயனர் கணக்கை முடக்கினால் போதும்.

பாஸ்வேர்டும் ஆட்களும்

19. 42 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்று என்பது ஆக்டிவ் டைரக்டரியின் தொடக்க அமைப்பு. அப்படி அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் பழையதன் கடைசியில் ஓர் எண்ணைக் கூட்டுவார்கள், அல்லது எழுதி ஒட்டுவார்கள். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்கூட 2017 முதல், காரணமில்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம் என்கிறது. நீளமான பாஸ்வேர்டு ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். கசிந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் உடனே மாற்றுங்கள்.

20. ஒவ்வொரு கணினியிலும் டொமைனில் சேராத ஓர் உள்ளூர் நிர்வாகி கணக்கு இருக்கட்டும். சர்வர் படுத்துவிட்டால் உள்ளே போக அதுதான் வழி. அதன் பாஸ்வேர்டைக் கணினிக்குக் கணினி மாற்றி வைத்து, தாளில் எழுதி, உறையிலிட்டு, தலைமையாசிரியர் அல்லது மேலாளர் பீரோவில் பூட்டிவிடுங்கள்.

21. லேபில் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் போட்டிருக்கிறீர்களா? டொமைனில் சேர்ந்த கணினி 30 நாளுக்கு ஒருமுறை தன் ரகசியப் பாஸ்வேர்டைத் தானே மாற்றிக்கொள்ளும். இந்த மென்பொருளால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் பழைய நிலைக்குத் திரும்பும் கணினி புதுப் பாஸ்வேர்டை மறந்துவிடும், பிறகு சர்வர் அந்தக் கணினியை நம்பாது. அந்தக் கணினிகளில் தானாக மாற்றும் வசதியை நிறுத்துங்கள். ஒரு கணினியைப் படியெடுத்துப் பலவற்றில் நிறுவுவதானால், டொமைனில் சேர்ப்பதற்கு முன்பே படியெடுங்கள்.

மழை, மின்னல், பாதை அடைப்பு

22. சர்வர் எட்டாத நேரத்திலும் லாகின் ஆகவேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அம்மாதிரி நாளில் கீழிருந்து உதவிக்கு ஆள் வர முடியாது. டொமைன் சர்வரை சேலத்துக் கிளையில் வைத்து இணையம் வழியே நம்பியிருக்காமல், மலை மேலேயே ஒன்று வையுங்கள். முடிந்தால் வேறு கட்டடத்தில் இரண்டாவதும் இருக்கட்டும். கட்டடத்துக்குக் கட்டடம் வெட்டவெளியில் செப்புக் கேபிள் இழுத்தால் இடி மின்னல் நாளில் இரண்டு பக்கக் கருவியும் சேர்ந்து எரியலாம். அந்தத் தூரத்துக்கு ஃபைபர் கேபிளே ஏற்றது. எஸ்எஸ்எஸ்டியில் பாஸ்வேர்டு நினைவு வசதியையும் இயக்கிவையுங்கள். விண்டோஸ், கடைசியாக வந்த பத்துப் பேரைத் தானாகவே நினைவில் வைத்திருக்கும். ஆனால் அந்தக் கணினியில் ஒருமுறையாவது முன்பு லாகின் செய்தவருக்குத்தான் இது உதவும்.

23. சாம்பாவுக்கென்றே பேக்கப் கட்டளை உண்டு. அதை வாரம் ஒருமுறை ஓடவிட்டு, வரும் கோப்பை வெளி ஹார்டு டிஸ்க்கில் போட்டு வேறு கட்டடத்தில் வையுங்கள். இரண்டு சர்வர் இருக்கும்போது, ஒன்றை மட்டும் பழைய நகலிலிருந்து அப்படியே எழுப்பாதீர்கள். இரண்டுக்கும் கணக்கு ஒத்துப்போகாமல் பட்டியலே குழம்பும். விடுதிக்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: விருந்தினர் வைஃபையும் அலுவலக நெட்வொர்க்கும் ஒன்றாக இருக்கவே கூடாது.

லாகின் ஆகவில்லை என்று யார் வந்து சொன்னாலும் கடிகாரம், டிஎன்எஸ், பெயர் என்ற வரிசையில் பாருங்கள். பெரும்பாலான தொல்லை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். மென்பொருளை அழித்து மறுபடி நிறுவுவது கடைசி வழியாக இருக்கட்டும். பள்ளிகள் மே விடுமுறையில் ஒரு விண்டோஸ், ஒரு லினக்ஸ் என இரண்டு கணினியில் மட்டும் செய்து பாருங்கள். சில நாள் சிக்கலில்லாமல் ஓடினால் மற்றவற்றைச் சேர்த்து, ஜூனில் பள்ளி திறக்கும்போது மாணவர் கையில் ஒரே பாஸ்வேர்டைக் கொடுத்துவிடலாம்.